முடக்கத்தான் பற்றிச் செய்தி போடும்போது எதில் சோதித்தார்கள் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூட்டுவலிக்கு முடக்கத்தான், வீக்கத்துக்கு நொச்சி, காய்ச்சலுக்கு நிலவேம்பு என்று மூலிகைத் துணுக்குகள் இப்போது எங்கு பார்த்தாலும் வருகின்றன. வாட்ஸ்அப்பில் வருவதை விடுங்கள், அதை யாராலும் தடுக்க முடியாது. பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களிலும் "வீக்கத்தைக் குறைப்பது ஆய்வில் நிரூபணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எந்த ஆய்வு, எதில் செய்தது, இலையை எப்படிப் பக்குவம் செய்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்த ஒரு வரியை நம்பித்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள் அல்லது ஏதோ ஒரு பொடியை வாங்கி வந்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

நான் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செடிச் சாறுகளை உயிரணுக்களில் சோதிப்பது என் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் இப்போதும் முடக்கத்தான் கொடி வளர்க்கிறேன், இலை பறித்து மாவோடு அரைத்து தோசை சுடுகிறேன், கேட்பவர்களுக்கு விதையும் கொடுக்கிறேன். அதனால் மூலிகைக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் செடிகளில் விஷயம் இருக்கிறது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். இருப்பதால்தான் அதை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், சோதித்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

வீக்கத்துக்கான சோதனை என்றால் என்ன நடக்கிறது என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, எனவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் செய்வது உயிரணுச் சோதனை. சுண்டெலியிலிருந்து வந்த, கிருமிகளை விழுங்கும் ஒரு வகை வெள்ளணுவை ஆய்வுக்கூடங்களில் வளர்த்து வைத்திருப்பார்கள். 'ரா 264.7' என்று அதற்குப் பெயர், உலகம் முழுக்க இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் அணுக்களைப் பிரித்துப் போட்டு, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்தால், கிருமி வந்துவிட்டது என்று நினைத்து அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளைக் கொட்ட ஆரம்பிக்கும். மறுநாள் மேலே இருக்கும் திரவத்தை வேறு தட்டுக்கு மாற்றி, அது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கரைசலை ஊற்றினால் சில நிமிடங்களில் குழிகள் ரோஸ் நிறமாக மாறும். அழற்சி, அதாவது வீக்கத்தைக் கொண்டுவரும் எதிர்வினை, அதிகம் என்றால் அடர்ந்த ரோஸ், குறைவு என்றால் வெளிர் ரோஸ். செடிச் சாறு சேர்த்த குழி வெளிறிப்போயிருந்தால் சாறு வேலை செய்கிறது என்று பார்த்தவுடனே மனம் துள்ளும். அந்த வரிசையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தத் துள்ளல் குறைந்ததே இல்லை.

ஆனால் அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சாறு அதிகமாகி அணுக்கள் செத்துப்போனாலும் நிறம் வெளிறத்தான் செய்யும், செத்த அணு எதையும் சுரக்காது இல்லையா! எனவே அணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று தனியாக ஒரு சோதனை செய்து பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த வெளிர் ரோஸுக்கு மதிப்பில்லை. இன்னொன்று, இலைச் சாறு பச்சையாக இருக்கும், மஞ்சள் சாறு மஞ்சளாக இருக்கும், கருவியோ நிறத்தை வைத்துத்தான் அளக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த விஷயத்தில் பேர்போனது. பல ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது பொய்யான விடையைக் காட்டும், வாய்வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும் என்று அமெரிக்க வேதியியலாளர்கள் 2017இல் விரிவாக எழுதினார்கள். மஞ்சள் வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை. தட்டில் தெரிந்ததை வைத்து உடம்பில் நடப்பதைச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

முடக்கத்தானும் இந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. இதே சுண்டெலி அணுக்களில் முடக்கத்தானின் எத்தனால் சாறு அழற்சிப் பொருள்கள் சிலவற்றைக் குறைத்தது என்று 2009இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கவனியுங்கள், எத்தனால் சாறு. நாம் வீட்டில் செய்வது தோசை, ரசம், துவையல். எத்தனாலில் கரைந்து வருவது வேறு, தண்ணீரில் கொதிக்கும்போது இறங்குவது வேறு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குச் சீன விஞ்ஞானி து யூயூவின் கதையே போதும். மலேரியாவுக்கான செடியிலிருந்து மருந்து எடுக்க அவர் பாடுபட்டபோது சூடாக்கி எடுத்த சாறு நிலையான பலன் தரவில்லை. பழைய சீன வைத்திய ஏடு ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் படித்துவிட்டு, குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார், பலன் கிடைத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. ஏட்டில் இருந்த ஒரு வரியை எவ்வளவு மதித்துப் படித்திருக்கிறார் பாருங்கள், அதே சமயம் ஏட்டில் இருக்கிறது என்பதற்காகச் சோதிக்காமலும் விடவில்லை. நம் சித்த ஏடுகளிலும் எதைக் குடிநீராக்குவது, எதைச் சூரணமாக்குவது, எதைத் தைலத்தில் காய்ச்சுவது என்று விவரமாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு எத்தனாலில் சோதித்துவிட்டு, "சித்தர் சொன்னது நிரூபணம்" என்று எழுதினால் அது சித்தர் சொன்னதற்கும் நியாயம் இல்லை, ஆய்வுக்கும் நியாயம் இல்லை.

அடுத்தது எலிப் பாதச் சோதனை. 1962இலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். கராஜீனன் என்று ஒரு பொருள், செம்பாசியிலிருந்து எடுப்பது, ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டியாக்கவும் சேர்ப்பார்கள். அதை எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் கொஞ்சம் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும். கணுக்கால் வரை திரவத்தில் முக்கி, திரவம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து வீக்கத்தை அளப்பார்கள். ஒரு கூட்டம் எலிகளுக்குச் செடிச் சாறு, ஒரு கூட்டத்துக்கு இண்டோமெத்தசின் மாதிரி தெரிந்த வீக்க மருந்து, ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால் விடை வரும்.

நல்ல சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலும் ஊசி போடுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னாலேயே எலிக்குச் சாறு கொடுத்துவிடுகிறார்கள். நம் பெரியவர்களுக்கோ பல வருடமாக முழங்கால் தேய்ந்து, வலி வந்த பிறகுதான் சாறு போகிறது. சில மணி நேரத்து வீக்கத்தை வராமல் தடுப்பதும் பல வருடத்து மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்வதும் ஒன்றா? இன்னும் சில ஆய்வுகளில் சாற்றை வாய்வழி கொடுக்காமல் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். எரிச்சல் தரும் பொருளை அப்படிச் செலுத்தினாலே பாத வீக்கம் கொஞ்சம் குறையக்கூடும் என்பது மருந்தியல்காரர்களுக்குப் பழைய செய்தி. அப்படியென்றால் குறைத்தது செடியா, வயிற்று எரிச்சலா?

அப்புறம் அளவு. வாசகர்கள் கொஞ்சம் என்னோடு கணக்குப் போட வேண்டும். இம்மாதிரி ஆய்வுகளில் எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்தோம் என்பது சர்வசாதாரணமாக வரும் எண். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற வழக்கமாக 6.2ஆல் வகுப்பார்கள், வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம். 4 கிராம்தானே என்று நினைக்காதீர்கள், இது இலை இல்லை, இலையை ஊறவைத்து வடித்து ஆவியாக்கி மிச்சப்பட்ட பசை. 10 கிராம் காய்ந்த இலையிலிருந்து 1 கிராம் பசை வருகிறது என்று வைத்துக்கொண்டால் 40 கிராம் காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்தால் 200 கிராம் பச்சை இலை. முடக்கத்தான் இலை எவ்வளவு லேசானது என்று பறித்தவர்களுக்குத் தெரியும். என் தோட்டத்துக் கொடி முழுவதையும் மொட்டையடித்தாலும் அவ்வளவு வராது. ஒரு நாளைக்கே இப்படி, அதைத் தினமும்! நாம் தோசைக்குப் போடுவது ஒரு கைப்பிடி. தோசை நல்ல தோசை, தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் எலிக்குக் கிடைத்த பலன் அந்தத் தோசையில் கிடைக்கும் என்று பத்திரிகை சொல்லக்கூடாது.

மனிதர்களிடம் சோதிப்பது இதையெல்லாம்விடக் கடினம். முழங்கால் வலி ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலே பலருக்கு வலி குறைந்துவிடுகிறது, அவர்கள் பொய் சொல்லவில்லை, வலியின் தன்மை அப்படி. அதனால்தான் யாருக்கு எது போகிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் செய்கிறார்கள். நிலவேம்புக்கு அப்படி ஒரு சோதனை சிலி நாட்டில் நடந்தது, 2009இல் முடிவு வந்தது. முடக்குவாதம் உள்ள 60 பேர், 14 வாரம். நிலவேம்பு எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, ஆனால் மாவு மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. ரத்தத்தில் முடக்குவாதக் காரணி என்று பார்ப்பார்களே, அதுவும் நிலவேம்பு எடுத்தவர்களுக்குக் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் முடிந்த முடிவு இல்லை. இங்கே சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நிலவேம்பின் முக்கியப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு, ஆஸ்துமா உள்ள சுண்டெலிகளின் மூச்சுக்குழல் அழற்சியைக் குறைப்பதை 2009இல் காட்டினார்கள். நம் ஊரில் நடந்த வேலை. இதை நம் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

முறையாகச் செய்தால் முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இந்தியாவில் நடந்த மூட்டுத் தேய்மானச் சோதனை. 2013இல் வெளிவந்தது. 440 பேர், 24 வாரம். சுக்கு, சீந்தில், நெல்லி, சல்லகிப் பிசின் சேர்ந்த ஆயுர்வேதக் கலவையை, டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் செலிகாக்சிப், குளுக்கோசமைன் இரண்டோடும் ஒப்பிட்டார்கள். வலியைக் குறைப்பதில் கலவை அவற்றுக்குச் சமமாக நின்றது. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அதே கட்டுரையில் கலவை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் நொதி ரத்தத்தில் கூடியது, நிறுத்தியதும் சரியானது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வை நான் மதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். நல்லதைச் சொன்ன அதே குரலில் இதையும் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகையில் செய்தியாக வந்தால் முதல் பாதிதான் வரும்.

சீந்திலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மும்பையில் 6 பேர் சிகிச்சைக்கு வந்ததாக 2021இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்கள் சாப்பிட்டது சரியான சீந்தில்தானா, அதே குடும்பத்து வேறு கொடியா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த வேறு கொடி நம் வட்டாரத்தில் பரவலாக வளர்வது, தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கும், மலாய்க்காரர்கள் பத்தாவாலி என்பார்கள், கடும் கசப்பு. பார்க்கப் பழகாதவர்கள் இரண்டையும் ஒன்று என்றே நினைப்பார்கள். அதனால்தான் ஒழுங்கான ஆய்வில் சோதித்த செடியின் ஒரு கிளையை உலர்த்தி, எண் போட்டு, உலர்தாவரக் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள், பிற்பாடு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் பூமலைத் தாவரவியல் பூங்காவிலேயே 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ள காப்பகம் இருக்கிறது. அங்கேயே மூலிகைகளுக்கென்று தனித் தோட்டமும் 2011இலிருந்து இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் என் பக்கத்து வீட்டு அக்கா. முழங்கால் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து "முழுக்க மூலிகை" என்று அட்டை ஒட்டிய மாத்திரையை வாங்கி வரச் செய்து சாப்பிட்டார். சில நாளிலேயே வலி பறந்துவிட்டது. மாடிப்படி ஏறி இறங்கினார், எல்லோருக்கும் சிபாரிசு செய்தார். கொஞ்ச நாளில் முகம் உருண்டு வீங்கியது, சர்க்கரை எகிறியது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது மூலிகைதானே, மருந்து இல்லையே என்று நினைத்து அக்கா சொல்லவே இல்லை. மகள்தான் டப்பாவை எடுத்துப் போய்க் காட்டினாள். அக்காவின் மாத்திரையில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த மாதிரி "மூலிகை" வலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வேறு வலி மருந்துகளும் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தால் உடம்பு அதே வகைப் பொருளைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், பிறகு திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. அக்கா மாதிரி யாராவது இதைப் படித்தால் டப்பாவைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், தயவுசெய்து.

ஒரு மாத்திரையில் வருடக்கணக்கான வலி பறக்கிறது என்றால் அது முடக்கத்தான் செய்யும் வேலை இல்லை. ஆய்வில் நிரூபணம் என்ற ஒற்றை வரியை மறுபடி மறுபடி படித்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சந்தேகமே வராது. அட்டையிலும் அதே வரிதானே அச்சடித்திருக்கிறது!

நம் ஊரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாரம்பரியச் சீன மருத்துவர்கள் இங்கே சட்டப்படி பதிவு செய்கிறார்கள், சீன மருத்துவ ஆய்வுக்கென்று சுகாதார அமைச்சு 50 லட்சம் வெள்ளி மானியத் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. நல்ல காரியம், பொறாமையில் சொல்லவில்லை. அதே வழியில் நம் முடக்கத்தானையும் நிலவேம்பையும் நொச்சியையும், நாம் செய்யும் பக்குவத்திலேயே, தண்ணீரில் காய்ச்சி, நாம் குடிக்கும் அளவிலேயே சோதிக்கலாமே. செடி சமூகத் தோட்டங்களில் இருக்கிறது, அடையாளம் பார்க்கக் காப்பகம் இருக்கிறது, கருவி எல்லாம் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இருக்கிறது, பக்குவம் தெரிந்த பாட்டிமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது வீட்டுப் பாட்டியிடம் முதலில் கேட்கட்டும், ஆனால் பாட்டி சொன்ன பக்குவத்தை மாற்றாமல் எழுதிக்கொள்ளட்டும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதையும் எழுதி வைக்கட்டும், அதுவும் அடுத்தவருக்கு உதவும்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மூலிகைச் செய்தி போடும்போது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று போடுங்கள். தண்ணீர்ச் சாறா எத்தனால் சாறா என்று போடுங்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், பக்க விளைவு ஏதும் பார்த்தார்களா என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். ரத்தத்தை இளக்கும் மருந்தோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த மூலிகை சாப்பிட்டாலும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கடைசியில் போட்டுவிடுங்கள். எலியின் அளவை மனித அளவாக மாற்றும் கணக்கு உங்கள் நிருபர்களுக்கு வேண்டுமென்றால், ஆய்வுக்கட்டுரையை அனுப்பி வையுங்கள், அன்றைக்கே போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
யீஷூன் வாசகி